கால்சியம் கூடினால் ஸ்டீராய்டு: யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர் நாலைந்து நாளாகப் படுத்தே கிடக்கிறார். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. அடிக்கடி சிறுநீர் போகிறது, மலம்தான் போகவில்லை. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. பேச்சு குழறுகிறது, சில நேரம் எதிரில் நிற்பவர் யாரென்றே தெரிவதில்லை. நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் இருப்பவர்கள் மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கீமோதெரபியின் பக்கவிளைவு என்றோ, வலி மாத்திரை தரும் மயக்கம் என்றோ சிலர் நினைக்கலாம். இவற்றில் எதுவும் காரணமாக இருக்கக்கூடும். ஆனால் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று வேறு கதை சொல்வதுண்டு: ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறது.

அடுத்து ஸ்டீராய்டு பற்றிய பேச்சு வருகிறது. சிலருக்கு உடனே தொடங்குகிறார்கள், சிலருக்குத் தொடங்க மறுக்கிறார்கள். குடும்பத்தினருக்கு இரண்டுமே புதிர்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு இதே கால்சியக் கோளாறுதானே, ஸ்டீராய்டு கொடுத்து ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாரே, நமக்கு மட்டும் ஏன் கிடையாது? கேள்வி நியாயமானது. ஒருவருக்குக் கால்சியத்தை இறக்கிய அதே ஊசி, அதே அளவில், இன்னொருவருக்குச் சர்க்கரையை மட்டும் ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடக்கூடும். ரத்தத்தில் தெரிகிற எண் ஒன்றாக இருந்தாலும் அதை ஏற்றிவிட்ட கை வேறு. ஸ்டீராய்டுக்குச் சில கைகளைப் பிடிக்கத்தான் தெரியும்.

இங்கே ஸ்டீராய்டு என்பது உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது அல்ல. அட்ரினல் சுரப்பியில் சுரக்கும் கார்டிசாலின் உறவினர்களான ஹைட்ரோகார்ட்டிசோன், பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகியவையே இங்கு பேசப்படுகின்றன.

கால்சியம் ஏறினால் என்ன ஆகும்

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பில் பூட்டிவைக்கப்பட்டது. ரத்தத்தில் உலவுவது மிகச் சொற்பம். ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம். உடல் இந்தச் சொற்பத்தை மிகக் கறாராகக் காவல் காக்கிறது. நரம்பு, தசை, இதயம் மூன்றும் இந்த அளவை நம்பியே இயங்குகின்றன.

ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது. புற்றுநோயாளிகளுக்கு ஆல்புமின் பெரும்பாலும் குறைந்திருக்கும். அதனால் அறிக்கையில் 10.4 என்று வந்தால் நிம்மதி அடைந்துவிட முடியாது. ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே குறைகிற ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிப் பார்ப்பது வழக்கம். ஆல்புமின் 2 ஆக இருந்தால் அந்த 10.4 உண்மையில் 12. தனித்து உலவும் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளக்க வசதி இருந்தால் இந்தக் கூட்டல் கணக்கே வேண்டாம். பொதுவாக 12 வரை லேசானது, 12 முதல் 14 வரை மிதமானது, 14-ஐத் தாண்டினால் தீவிரமானது என்று பிரிப்பார்கள். எண் எவ்வளவு என்பதைப் போலவே அது எவ்வளவு வேகமாக ஏறியது என்பதும் முக்கியம். மெல்ல மெல்ல 13 ஆனவர் நடமாடிக்கொண்டிருப்பார். ஒரே வாரத்தில் 13 ஆனவர் நினைவு தடுமாறிக் கிடப்பார்.

மோசமான சுழல் ஒன்று இதில் உண்டு. கால்சியம் கூடினால் சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறனை இழக்கிறது. உடல் நீர் சிறுநீராக ஓடிவிடுகிறது. குமட்டலால் குடிக்கவும் முடிவதில்லை. உடல் வறண்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது; கால்சியத்தை வெளியேற்றும் வேலையும் குறைகிறது; கால்சியம் இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழலை முதலில் உடைப்பது சலைன்தான். நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றுவதைப் போன்ற எளிய சிகிச்சை வேறில்லை. முதல் நாள் தெரிகிற முன்னேற்றத்தில் பெரும்பங்கு அதனுடையதே. பின்னர் வந்த மருந்துகளுக்குச் சேரும் புகழில் பாதியைச் சலைனுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு மருந்தைச் சலைனோடு வாடிக்கையாகச் சேர்த்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஏற்கெனவே வறண்ட உடலை அது மேலும் வறட்டும் என்பதால், இப்போது உடலில் நீர் கோத்துக்கொண்டால் மட்டுமே அதைத் தருகிறார்கள்.

கால்சியத்தை ஏற்றும் கைகள்

1941-இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் சிறுநீரகப் புற்றுநோயாளி ஒருவரைப் பற்றிப் பேசும்போது ஓர் ஊகத்தை முன்வைத்தார். எலும்புக்குப் பரவிய புற்று எலும்பைக் கரைப்பதால் மட்டும் கால்சியம் ஏறியிருந்தால் பாஸ்பேட்டும் சேர்ந்தே ஏறியிருக்க வேண்டும்; இவருக்கோ பாஸ்பேட் குறைந்திருக்கிறது; ஆகவே, கழுத்துச் சுரப்பியிலிருந்து வந்து கால்சியத்தை ஏற்றிப் பாஸ்பேட்டை இறக்கும் பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஏதோ ஒன்றைப் புற்றுக்கட்டியே சுரக்கிறது போலும் என்றார். அந்த 'ஏதோ ஒன்று' கைக்குச் சிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1987-இல் ஆஸ்திரேலியாவில் ஜாக் மார்ட்டினின் குழுவினர் நுரையீரல் புற்றுச் செல்களிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பாராதைராய்டு ஹார்மோன் சார்ந்த புரதம் என்று அதற்குப் பெயர். நீளமான பெயர் என்பதால் இங்கே போலி ஹார்மோன் என்று சொல்லிவைக்கிறேன். புற்றுநோயால் வரும் கால்சிய உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு இதன் வேலை என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. நுரையீரல், தலை, கழுத்துப் பகுதிகளின் செதிள்செல் புற்றுகள், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, மார்பகம், கருப்பைப் புற்றுகள் ஆகியவற்றில் இதைக் காணலாம். எங்கோ ஓரிடத்தில் இருக்கும் கட்டி ரத்தத்தின் வழியே ஆள் அனுப்பி, உடல் முழுவதும் உள்ள எலும்பைக் கரைக்கச் சொல்கிறது. சிறுநீரகம் கால்சியத்தை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதும் இதே போலி ஹார்மோன்தான்.

மீதியில் பெரும்பகுதி எலும்புக்குள்ளேயே நடக்கிற கரைப்பு. மார்பகப் புற்று எலும்பில் பரவும்போதும், மஜ்ஜையில் தோன்றும் மைலோமாவிலும் புற்றுச் செல்கள் பக்கத்தில் உள்ள எலும்பரிக்கும் செல்களை, அதாவது ஆஸ்டியோகிளாஸ்ட்களை, ஏவிவிடுகின்றன.

மூன்றாவது கைதான் நம் கதைக்கு முக்கியம். எண்ணிக்கையில் இது மிகச் சிறியது. மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுகளில் இது அரிதல்ல. சூரிய ஒளியிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்து கால்சிட்ரியால் என்ற வடிவத்துக்கு வந்த பிறகே அது குடலிலிருந்து கால்சியத்தை இழுக்கும். இந்தக் கடைசி மாற்றத்தைச் செய்வது ஒரு நொதி. சிறுநீரகத்தில் அந்த நொதிக்குக் காவலர் உண்டு. கால்சியம் போதும் என்றால் பாராதைராய்டு ஹார்மோன் குறைகிறது, நொதியும் அடங்குகிறது. லிம்ஃபோமா கட்டியிலும் அதைச் சூழ்ந்த மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களிலும் அதே நொதி காவலரே இல்லாமல் இயங்குகிறது. கால்சியம் எவ்வளவு ஏறினாலும் அது நிற்பதில்லை. சார்காய்டோசிஸ் என்ற புற்றல்லாத நோயில் கால்சியம் ஏறுவதும் இதே வழியில்தான். அந்த நோயாளிகளுக்கு வெயில் காலத்தில் கால்சியம் கூடுவதற்குக் காரணம் இதுவே: தோலில் வைட்டமின் டி கூடுதலாக உண்டாகிறது, காவலில்லாத நொதிக்கு வேலையும் கூடுகிறது.

ஸ்டீராய்டு எதைப் பிடிக்கிறது

காவலில்லாத அந்த நொதியை ஸ்டீராய்டு அடக்கிவிடும். கால்சிட்ரியால் குறைந்தால் குடல் கால்சியத்தை இழுப்பது குறைகிறது; குடலின் மீது ஸ்டீராய்டுக்கு நேரடியான பிடியும் உண்டு. சிறுநீர் வழியே கால்சியம் வெளியேறுவதும் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, லிம்ஃபோமா செல்களை ஸ்டீராய்டு கொல்கிறது. நொதியை அடக்குவதோடு, நொதியைச் சுமந்து நிற்கும் செல்லையே அழிக்கிறது. அதனால்தான் பல லிம்ஃபோமா சிகிச்சைத் திட்டங்களில் பிரெட்னிசோலோன் ஒரு நிலையான உறுப்பினர்.

மைலோமாவில் வழி வேறு, முடிவு ஏறத்தாழ ஒன்று. அங்கே கால்சிட்ரியாலுக்குப் பெரிய பங்கில்லை. மைலோமா செல்கள் ஸ்டீராய்டுக்கு மடிகின்றன. எலும்பரிக்கும் செல்களைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் பொருள்களும் குறைகின்றன. டெக்ஸாமெத்தசோன் மைலோமா சிகிச்சையின் முதுகெலும்புகளில் ஒன்று. எனவே கால்சியத்துக்காகத் தனியே ஸ்டீராய்டு தருகிறோமா, நோய்க்காகத் தருகிறோமா என்று அங்கே பிரித்துச் சொல்வது கடினம்.

இதைப் படித்துவிட்டு 'ரத்தப் புற்று என்றால் ஸ்டீராய்டு' என்று சூத்திரம் போட்டுக்கொள்ள வேண்டாம். எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸால் வரும் டி செல் லுக்கேமியாவில் கால்சியம் பயங்கரமாக ஏறும். அங்கே முக்கியமாக வேலை செய்வது பெரும்பாலும் போலி ஹார்மோனே. கால்சிட்ரியால் வழியே வரும் உயர்வில் ஸ்டீராய்டு தருகிற பலனை அங்கே எதிர்பார்க்க முடியாது.

போலி ஹார்மோன் சுரக்கும் நுரையீரல் புற்றில் ஸ்டீராய்டு ஏன் தோற்கிறது என்பதும் இப்போது விளங்கும். அந்தக் கட்டி ஸ்டீராய்டுக்கு மடிவதில்லை, சுரப்பை நிறுத்துவதும் இல்லை. இந்நோயாளிகளுக்குக் கால்சிட்ரியால் பெரும்பாலும் ஏற்கெனவே குறைந்தே இருக்கும். குடலும் கால்சியத்தை அதிகம் இழுப்பதில்லை. அடக்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை. எலும்பிலிருந்து கொட்டுகிற கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டுமா என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போலி ஹார்மோனால் வந்த உயர்வில் பாலை நிறுத்திப் பயனில்லை. பசியே இல்லாமல் மெலிந்துவரும் ஒருவரிடமிருந்து சத்தான உணவைப் பறிப்பதுதான் மிச்சம். கால்சிட்ரியாலால் வந்த உயர்வில் உணவுக் கால்சியத்தையும் வைட்டமின் டி மாத்திரையையும் கட்டுப்படுத்துவதில் பொருள் உண்டு.

தோல்வியே சோதனையான கதை

1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். 1950-இல் எட்வர்ட் கெண்டல், டாடியுஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பத்தாண்டில் மருத்துவர்கள் கார்ட்டிசோனைக் கொடுத்துப் பார்க்காத நோய் இல்லை என்றே சொல்லலாம். கால்சிய உயர்வும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

லண்டனில் மருத்துவர் சார்லஸ் டெண்ட் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். சார்காய்டோசிஸ், வைட்டமின் டி மிகை, மைலோமா போன்றவற்றில் கார்ட்டிசோன் கால்சியத்தை இறக்குகிறது. பாராதைராய்டு சுரப்பியின் கோளாறால் வந்த உயர்வில் பெரும்பாலும் இறக்குவதில்லை. இந்தத் தோல்வியையே அவர் 1956-இல் ஒரு சோதனையாக்கினார். பத்து நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்; கால்சியம் அசையவில்லையா, கழுத்தில் உள்ள சுரப்பியைச் சந்தேகி. ஹார்மோன்களை நேரடியாக அளக்க வழியில்லாத காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் இந்தச் சோதனையை நம்பியிருந்தார்கள். பாராதைராய்டு ஹார்மோனை ரத்தத்திலேயே அளக்க முடிந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. சோதனை மறைந்தாலும் அது கற்பித்த பாடத்துக்கு வயதாகவில்லை. கால்சிய உயர்வு என்றாலே வழக்கத்துக்காக ஸ்டீராய்டு எழுதுகிறவர்கள் அந்த 1956-ஐ மறந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அளவும் வேகமும்

பலிக்கும் என்று நம்ப இடமிருக்கும் நோயாளிக்கு நரம்பு வழியாக ஹைட்ரோகார்ட்டிசோன் நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை சில நாள்களோ, வாய் வழியாகப் பிரெட்னிசோலோன் 40 முதல் 60 மில்லிகிராம் வரையோ தருவது வழக்கம். இன்று கொடுத்தால் இன்றே இறங்காது. இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். பத்து நாள் போல் கொடுத்தும் அசையவில்லை என்றால் தொடர்வதில் பொருளில்லை.

நினைவு தடுமாறிக் கிடப்பவர் ஐந்து நாள் காத்திருக்க முடியாது. ஆகவே ஸ்டீராய்டைத் தனியாக நம்பி யாரும் இறங்குவதில்லை. சலைனோடு, எலும்பு கரைவதைத் தற்காலிகமாகக் குறைக்கும் கால்சிடோனின் ஊசி போட்டால் நாலைந்து மணி நேரத்தில் கால்சியம் சற்று இறங்கத் தொடங்கும். ஆனால் இரண்டு நாளில் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. ஸ்டீராய்டு சேர்ந்தால் கால்சிடோனினின் ஆயுள் சற்று நீளும் என்ற கருத்து உண்டு.

சுமையைத் தோளில் வாங்குவது எலும்பரிப்பைத் தடுக்கும் மருந்துகள். சோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம், பதினைந்து நிமிட டிரிப். 2001-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பத்தாம் நாளுக்குள் இந்த மருந்து பெற்றவர்களில் 88 சதவீதத்தினருக்குக் கால்சியம் சரியான அளவுக்கு வந்தது. பழைய மருந்தான பமிட்ரோனேட் பெற்றவர்களில் 70 சதவீதத்தினருக்கு வந்தது. டெனோசுமாப் பின்னர் வந்தது. சோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகளுக்குக் கால்சியம் அசையாதவர்களுக்காக 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டெனோசுமாபுக்கு ஒப்புதல் தந்தது. சோலெட்ரானிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். டெனோசுமாப் சிறுநீரகத்தை நம்பி இல்லை, ஆனால் கால்சியத்தை அளவுக்கு மீறி இறக்கிவிடுவதுண்டு.

அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோய்க் கால்சிய உயர்வுக்குப் பொதுவான மருந்தாக இந்த எலும்பு மருந்துகளைத்தான் முன்னிறுத்துகிறது. கால்சிட்ரியால் கூடிய நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதன் பிறகும் கால்சியம் தீவிரமாகவோ தொல்லை தரும்படியோ இருந்தால் எலும்பு மருந்தையும் சேர்க்கச் சொல்கிறது.

ஊசிக்கு முன் செய்ய வேண்டியது

எல்லாரும் பக்கவிளைவைப் பற்றிப் பேசுகிறார்கள். அதைவிட முந்தி வருகிற ஆபத்து ஒன்று உண்டு. கால்சியம் ஏறியிருக்கிறது, லிம்ஃபோமாவோ என்று சந்தேகம் இருக்கிறது, ஆனால் பயாப்சி இன்னும் எடுக்கவில்லை. இந்த நிலையில் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கலாம், செல்கள் மடியலாம். பிறகு எடுக்கும் திசுத்துண்டில் நோயின் சுவடே தெரியாமல் போகக்கூடும். எந்த வகை லிம்ஃபோமா என்று தெரியாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. சலைன், கால்சிடோனின், சோலெட்ரானிக் அமிலம் ஆகியவற்றில் எதுவும் பயாப்சியைக் கெடுப்பதில்லை. ஸ்டீராய்டு கெடுக்கும். இரண்டு நாளை இந்த மூன்றைக் கொண்டு ஓட்டிவிட்டு, திசுவை எடுத்த கையோடு ஸ்டீராய்டைத் தொடங்குவதே முடிந்தவரை நல்லது.

ரத்தமும் அப்படித்தான். பாராதைராய்டு ஹார்மோன், போலி ஹார்மோன், வைட்டமின் டி, கால்சிட்ரியால் ஆகியவற்றுக்கான மாதிரிகளை முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். முடிவு வர நாள்களாகலாம், பரவாயில்லை. ஸ்டீராய்டு போன பிறகு எடுத்த கால்சிட்ரியால் அளவு ஏற்கெனவே அடங்கிய நொதியின் கணக்கையே காட்டும். புற்றுநோய் இருப்பவருக்குக் கால்சியம் ஏறினால் அதற்குப் புற்றே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. புற்றுக்குத் தொடர்பே இல்லாத பாராதைராய்டுக் கோளாறும் அதே உடலில் இருக்கலாம். அது தெரிய ஒரே ஒரு ஹார்மோன் பரிசோதனை போதும்.

பக்கவிளைவுகளில் முதலில் தெரிவது சர்க்கரை; இதுவரை சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ஏறும். சர்க்கரை ஏறினால் சிறுநீர் பெருகும், உடல் வறளும், அதாவது கால்சியம் செய்துகொண்டிருந்த அதே கேடு இன்னொரு வாசல் வழியாக வரும். தூக்கம் கெடுவதும் மனம் கலங்குவதும் உண்டு. குழப்பத்தில் இருப்பவரின் குழப்பம் கால்சியத்தாலா, மருந்தாலா என்று பிரித்தறிய முடியாமல் திண்டாட நேரும். உறங்கிக்கிடக்கும் காசநோயோ ஹெபடைட்டிஸ் பி கிருமியோ விழித்துக்கொள்ளலாம். பெரிய லிம்ஃபோமா ஒன்று ஸ்டீராய்டுக்கு வேகமாக மடியும்போது, மடிந்த செல்களின் உள்ளடக்கம் ரத்தத்தில் கொட்டி யூரிக் அமிலத்தையும் பொட்டாசியத்தையும் ஏற்றும். ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. ஒரு முரணையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஏறிய கால்சியத்தை இறக்க உதவுகிற இதே மருந்தை மாதக்கணக்கில் எடுத்தால் எலும்பு மெலிந்து முறியும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர் திடீரென நிறுத்தவும் கூடாது. அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எந்த வகையானாலும், புற்று தொடர்ந்து வளர்ந்தால் கால்சியம் திரும்ப வரும். லிம்ஃபோமாவில் இதைக் கண்ணாடியாகவும் பயன்படுத்த முடிகிறது. கீமோதெரபி பலித்தால், ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் கால்சியமும் கால்சிட்ரியாலும் அடங்கியே இருக்கும். மாதங்கள் கழித்து, ஸ்கேன் எதையும் காட்டுவதற்கு முன்பே, கால்சியம் 10.8, 11.2 என்று மெல்ல ஏறத் தொடங்கினால் அது நோய் திரும்புவதன் முதல் தடயமாக இருக்கலாம். அப்போது அவசரப்பட்டு ஸ்டீராய்டைக் கையில் எடுத்தால் எண் இறங்கிவிடும், தடயமும் அதோடு போய்விடும். ஆகவே நிணநீர்க்கணுக்களை மீண்டும் ஆராய்ந்து, தேவையானால் பயாப்சி எடுக்கும்வரை மருத்துவர் அந்த ஊசியைத் தள்ளிவைக்கிறார்.